அமெரிக்காவிலிருந்து டிபோர்ட் ஆனவர் திரும்பப் போக முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

போன வருஷம் ஒரு பெரியவர் மஞ்சப்பையில் நாலாக மடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். ஏர்போர்ட்டிலிருந்தே திருப்பி அனுப்பப்பட்ட மகனுடையது. “ஆயுசுக்கும் போக முடியாதுன்னு ஏஜென்ட் சொல்லிட்டாரும்மா” என்றார். தாளை விரித்தால், ‘5 வருடம்’ என்ற கட்டத்தில்தான் குறி இருந்தது. அதில் மூன்று வருஷம் ஏற்கெனவே ஓடிவிட்டது. இப்படிப்பட்ட ஃபைல்களை மொழிபெயர்த்துக் கொடுப்பது என் வேலை. தாளைப் படிக்காமலே நம்பிக்கையை விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

படி 1: தாளைத் தேடுங்கள்

அனுப்பும்போது கொடுப்பது பெரும்பாலும் ஐ-296 அல்லது ஐ-294 படிவம். எத்தனை வருஷம் திரும்ப வரக் கூடாது என்பதைக் குறிக்க, 5, 10, 20 வருடம், ‘எப்போதுமே’ என்று அதில் கட்டங்கள் இருக்கும். ‘ஏ’ என்று தொடங்கும் எட்டு அல்லது ஒன்பது இலக்க எண்ணும் இருக்கும். அதைத் தனியாக எழுதி வையுங்கள்.

தாள் தொலைந்துவிட்டதா? நம்ம ஊர் ஆர்டிஐ மாதிரி அங்கேயும் தகவல் கேட்கும் சட்டம் உண்டு. குடியேற்ற ஃபைலை, விண்ணப்பங்களைப் பார்க்கும் துறையான யுஎஸ்சிஐஎஸ்-இடமும், ஏர்போர்ட்டில் நடந்ததை, எல்லைச் சோதனைத் துறையான சிபிபி-யிடமும், கோர்ட் வழக்கை, குடியேற்ற கோர்ட்டுகளை நடத்தும் இஓஐஆர்-இடமும் கேட்க வேண்டும்.

சிலர் டிபோர்ட்டே ஆகியிருக்க மாட்டார்கள். விசாவை ரத்து செய்து, ‘நானாகவே திரும்பிப் போகிறேன்’ என்று எழுதி வாங்கி அனுப்பியிருப்பார்கள். அதற்கு இந்த வருஷக் கணக்கு கிடையாது.

படி 2: வருஷத்தை எண்ணுங்கள்

ஏர்போர்ட்டிலேயே உத்தரவு போட்டிருந்தால் பொதுவாக 5 வருஷம். உள்ளே இருந்தவருக்கு நீதிபதி போட்ட உத்தரவு என்றால் 10, இரண்டாம் தடவை என்றால் 20. பெரிய குற்றத் தீர்ப்பு இருந்தால் ஆயுள் முழுக்க. நாட்டைவிட்டு வெளியேறிய நாளிலிருந்து எண்ண வேண்டும். ஒரு வருஷமோ அதற்கு மேலோ சட்டவிரோதமாகத் தங்கியிருந்தால் அதற்கென்று தனியாக 10 வருஷத் தடை உண்டு.

கோர்ட் நோட்டீஸே கைக்கு வராமல் உத்தரவு ஆகிவிட்டதா? வழக்கைத் திரும்பத் திறக்கக் கேட்கும் மனுவுக்குக் காலக்கெடு இல்லை. வக்கீலிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

படி 3: அனுமதி கேளுங்கள்

வருஷம் முடிந்திருந்தால், வேறு தடையும் இல்லை என்றால், எல்லோரையும் போல விசாவுக்குப் போடலாம். தடை வருஷம் இன்னும் முடியவில்லை என்றால் ஐ-212 படிவம். ‘தடைக்காலம் முடியுமுன் வர அனுமதி கொடுங்கள்’ என்ற விண்ணப்பம் அது.

இதில் படிவத்தைவிடக் கூட வைக்கும் கடிதமும் ஆதாரமும்தான் பேசும். ஏன் அனுப்பினார்கள், எத்தனை நாள் ஆயிற்று, அங்கே எவ்வளவு காலம் இருந்தீர்கள், நடத்தை எப்படி, குடும்பம் அங்கே என்ன கஷ்டப்படுகிறது என்று எல்லாவற்றையும் அதிகாரி எடைபோடுவார். ‘மனைவி தனியாக அவதிப்படுகிறாள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அவருடைய டாக்டர் கடிதம், வாடகை ரசீது, சம்பளச் சீட்டு என்று வையுங்கள். செய்த தவறை ஒளிக்காமல் எழுதுங்கள். தமிழ் ஆவணம் ஒவ்வொன்றுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ‘எனக்கு இரண்டு மொழியும் தெரியும், இது முழுமையானது, சரியானது’ என்று மொழிபெயர்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும்.

கிரீன் கார்டு வழியில் போகிறவருக்குச் சட்டவிரோதமாகத் தங்கிய தடையும் இருந்தால், அந்தத் தடையிலிருந்து விலக்குக் கேட்கும் ஐ-601 படிவமும் சேரும். அதில் கணவன், மனைவி, அல்லது பெற்றோர் படும் கடும் துன்பம்தான் கணக்கு. அவர்கள் அமெரிக்கக் குடிமக்களாகவோ கிரீன் கார்டு உள்ளவர்களாகவோ இருக்க வேண்டும். அங்கே பிறந்த பிள்ளையின் துன்பம் நேரடியாகக் கணக்கில் வராது. இதைக் கேட்டு உடைந்துபோன தாய்மார்கள் உண்டு.

சுற்றுலா, படிப்பு, எச்-1பி போன்ற விசாக்களுக்கு வேறு வழி. நேர்காணலில் தூதரக அதிகாரியிடம், தடையிலிருந்து விலக்குக்குப் பரிந்துரை கேட்கலாம். வந்தால் ஆபத்து உண்டா, பழைய மீறல் எவ்வளவு பெரியது, எதற்காக வருகிறீர்கள் என்ற மூன்றையும்தான் பார்ப்பார்கள்.

படி 4: இந்த இரண்டையும் செய்யவே செய்யாதீர்கள்

டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் ‘எப்போதாவது நாடு கடத்தப்பட்டீர்களா’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று போடாதீர்கள். பாஸ்போர்ட் புதிதானாலும் விரல் ரேகை பழையதுதான். அந்தப் பொய்யே ஆயுள் தடையாகிவிடும்.

மெக்சிகோ வழியாகத் திருட்டுத்தனமாக எல்லை தாண்டும் ‘டங்கி ரூட்’டில் போகாதீர்கள். டிபோர்ட் ஆனவர் திருட்டுத்தனமாக நுழைவது குற்றம், சிறைத் தண்டனை உண்டு. பிறகு 10 வருஷம் வெளியே இருந்தால்தான் ஐ-212 கேட்கவே முடியும்.

படி 5: பணம் கட்டுமுன்

வக்கீல் எந்த அமெரிக்க மாநிலத்தின் பாரில் (வக்கீல்கள் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு செய்தவர் என்று கேட்டு, அந்த பாரின் தளத்தில் அவர் பெயரைத் தேடுங்கள். படிவத்தின் பதிப்புத் தேதியையும் கட்டணத்தையும் அனுப்புகிற அன்றே யுஎஸ்சிஐஎஸ் தளத்தில் பாருங்கள். பழைய பதிப்பில் போட்டால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.