எண்டோஸ்கோப் நுனிக்குள் ஒரு ஸ்கேனர்: ஃபைபரையே ஆட்டிப் படம் எடுப்பது எப்படி?

வயிற்று எண்டோஸ்கோப்பில் கருவி நுழைக்கும் துளை பெரும்பாலும் 2.8 மில்லிமீட்டர்தான். அதற்குள் செல்களைக் காட்டும் நுண்ணோக்கி போக வேண்டுமென்றால், ஒளியைத் திருப்பிவிடும் சிறு ஆடிகளின் பக்கம் நான் போகமாட்டேன். ஒளி வரும் ஃபைபரின் நுனியையே அதிரவைப்பேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எரிக் சீபல் குழுவினர் வளர்த்தெடுத்த வழி இது.

கணக்கை வேகத்திலிருந்து தொடங்குங்கள். மூச்சும் இதயத்துடிப்பும் திசுவை அசைத்துக்கொண்டே இருக்கும். நொடிக்கு 10 படமாவது வேண்டும். 250 மைக்ரான் விட்டமுள்ள வட்டத்தை 1 மைக்ரான் தெளிவில் பார்க்க, ஒளிப்புள்ளி நடுவிலிருந்து வெளியே வரையும் சுருளின் சுற்றுகள் அரை மைக்ரான் இடைவெளியில் விழ வேண்டும். ஆக 250 சுற்று. ஆட்டம் அடங்க இன்னொரு 150 சுற்றுக்கான நேரம் ஒதுக்குங்கள். 400 சுற்று, 10 படம்: 4000 ஹெர்ட்ஸ்.

இதைத் தீர்மானிப்பது நீளம். 125 மைக்ரான் தடிமனுள்ள கண்ணாடி ஃபைபர் 10 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும். நீளம் பாதியானால் அதிர்வெண் 4 மடங்கு. எனவே 5 மில்லிமீட்டர் போதும். இன்னும் குறைக்க ஆசை வரும், வேண்டாம். நீளம் பாதியானால் அதே வீச்சுக்கு அடிப்பகுதியில் கண்ணாடி தாங்க வேண்டிய வளைவும் 4 மடங்காகிறது. மேலுறையை உரிக்கும்போது அங்கே ஒரு சின்னக் கீறல் விழுந்திருந்தாலும் ஃபைபர் முறிந்துவிடும். நுனி இரு பக்கமும் அரை மில்லிமீட்டர் ஆடினால் போதும். லென்ஸ் அதை 4 மடங்கு சுருக்கி 250 மைக்ரானாக்கும்.

ஆட்டுவது, மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் பீசோ குழாய். வெளிப்பரப்பில் 4 மின்முனைகள். எதிரெதிரானவற்றுக்கு எதிர் மின்னழுத்தம், இரு ஜோடிகளுக்கும் இடையே 90 டிகிரி கட்ட வேறுபாடு. வீச்சை மெல்லக் கூட்டினால் சுருள் விரியும். நிறுத்த, எதிர்க் கட்டத்தில் இயக்குங்கள்.

எல்லாம் சரி, படத்தின் தரம் உண்மையில் நிற்பது ஃபைபரைக் குழாயோடு பிணைக்கும் ஒட்டில்தான். எபாக்ஸி பசை ஒரு பக்கம் கூடுதலாக ஏறி உறைந்தால், ஃபைபருக்கு இரு திசையிலும் வெவ்வேறு அதிர்வெண் வந்துவிடும். வட்டம் நீள்வட்டமாகிச் சாயும். எந்த மென்பொருளும் அதை முழுதாகச் சீர்செய்யாது. ஃபைபரைக் குழாயின் நடு அச்சில் பிடித்து, குமிழ் நீக்கிய எபாக்ஸியைச் சொட்டாக விட்டு, நுண்ணோக்கியில் சுற்றிலும் பாருங்கள். அப்புறம் அதிர்வெண்ணைப் படிப்படியாக மாற்றி இரு அச்சுகளிலும் உச்சம் எங்கே வருகிறது என்று அளந்துகொள்ளுங்கள். உச்சங்கள் விலகி நின்றால் பிரித்து மறுபடி ஒட்டுவதே நல்லது.

சுருளின் மையத்தில் ஒளி நெருக்கமாக விழுவதால் திசுவை ஒளிரவைக்கும் ஃப்ளோரெசின் சாயம் அங்கே சீக்கிரம் வெளுக்கும்; மையத்தில் லேசரைத் தணியுங்கள். வெளிச்சுற்றின் நீளம் 785 மைக்ரான். அரை மைக்ரானுக்கு ஓர் அளவீடு என்றால் நொடிக்கு 60 லட்சம் அளவீடுகளுக்கும் மேல். திசுவிலிருந்து திரும்பும் ஒளியை அளக்கும் உணரியின் பெருக்கி அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

நுனியின் உண்மையான பாதையை, ஒளிப்புள்ளி விழும் இடத்தைக் காட்டும் உணரியில் அளந்து அட்டவணையாகச் சேமியுங்கள். படத்தை அந்த அட்டவணையை வைத்தே கட்ட வேண்டும். அளவீட்டை அறை வெப்பத்தில் செய்யாதீர்கள், 37 டிகிரியில் செய்யுங்கள். பீசோவும் எபாக்ஸியும் வெப்பத்தோடு மாறுபவை. பீசோவின் மின்னழுத்தம் நோயாளியைத் தொடாதபடி உறையைக் காப்பிட்டு, நுனியை நீர் புகாமல் அடைத்து, கிருமிநீக்கத் திரவத்தில் ஊறவைத்து எடுத்தபின் அதே அளவீட்டை இன்னொரு முறை செய்துவிடுங்கள்.