விசித்திர ஃப்ரேமோடு பந்தயத்துக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

காலை ஐந்தரை மணி, கோவைக்கு வெளியே ஒரு சாலை. தனித்தனியாகக் கிளம்பி நேரம் பார்க்கும் பந்தயம். கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவரின் மகன், டிப்ளமோ படிக்கிற பையன், தானே பற்றவைத்த சைக்கிளோடு வந்து நின்றான். சீட்டுக்குக் கீழே பைப்பே இல்லை. ஹேண்டில் கழுத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரே தடிப் பைப்; அதன் நுனியில் சீட் அந்தரத்தில் நின்றது. வெல்டிங் மீன் செதில் அடுக்கினாற்போல அத்தனை சீராக இருந்தது. நான் குனிந்து விரலால் தடவிப் பார்த்தேன். எங்கேயும் ஒரு பிசிறு இல்லை.

நடுவர் டேப்பைக்கூட எடுக்கவில்லை. "தம்பி, இதுல ஓட்ட முடியாதுப்பா. வேற சைக்கிள் இருக்குதா?" என்றார்.

"நல்லாத்தானுங்க சார் ஓடுது. வேணும்னா ஓட்டிக் காட்டட்டுங்களா?"

ஓடாது என்று யாருமே சொல்லவில்லை. மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த சைக்கிளை அவன் தள்ளிக்கொண்டு திரும்பிப் போனதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. சைக்கிள் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறவன் நான். இந்த மாதிரிப் பையன்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னைத் தேடி வருகிறார்கள். மோட்டார் பம்பும் கிரைண்டரும் மில் சாமானும் செய்து பழகிய ஊர் இது. பைப்பும் வெல்டிங் செட்டும் வீட்டிலேயே இருக்கும்போது சைக்கிள் ஃப்ரேம் செய்து பார்க்கத் தோன்றுவது இயல்புதான். செய்யட்டும். ஆனால் பந்தயத்துக்கு எடுத்துப் போவதென்றால் சில தவறுகளைத் தவிர்த்தே ஆக வேண்டும்.

நன்றாக ஓடினால் போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. எது சைக்கிள் என்ற கேள்வியை உலக சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ. எப்போதோ தனியாகப் பிரித்துவிட்டது. 1933 ஜூலை 7 அன்று பாரிஸில், ஃபிரான்சிஸ் ஃபோர் என்ற வீரர் சார்ல் மோஷே செய்த சாய்ந்து படுத்து ஓட்டும் சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் போனார். அதற்கு முந்தைய சாதனை ஆஸ்கர் எக் 1914-இல் வைத்த 44.247 கிலோமீட்டர். ஃபோர் அந்தக் காலத்து முதல் வரிசை வீரர்கூட இல்லை. பத்தொன்பது வருடம் நின்ற சாதனையை அவர் தாண்டியதும் சங்கம் கூடிப் பேசி, 1934-இல் பந்தய சைக்கிள் என்றால் என்ன என்று வரையறுத்தது. அந்த வரையறைக்குள் படுக்கை சைக்கிள் வரவில்லை. மெதுவாகப் போகிறது என்று யாரும் அதைத் தள்ளவில்லை. அது வேறு வண்டி என்று முடிவு கட்டினார்கள், அவ்வளவுதான். ஆக, உங்கள் ஃப்ரேம் எவ்வளவு வேகம் போகும் என்று நடுவரிடம் நிரூபிக்க நிற்பது வீண் வேலை. அவர் பார்ப்பது வடிவத்தை.

இதற்கு நேர் எதிரான தவறு, தடை செய்தார்கள் என்றால் அந்த ஃப்ரேமில் ஏதோ மாயம் இருக்கிறது என்று நம்புவது. கிரேம் ஓப்ரியின் கதையைச் சொன்னால் நம் பட்டறைப் பையன்களுக்கு வாஷிங் மெஷின் பேரிங் மட்டும்தான் மனதில் நிற்கிறது. ஆமாம், ஸ்காட்லாந்துக்காரரான அவர் தானே செய்த சைக்கிளில் பழைய வாஷிங் மெஷினிலிருந்து எடுத்த பேரிங்கைப் போட்டார். 1993 ஜூலையில் நார்வேயின் ஹாமாரில் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டி, ஃபிரான்செஸ்கோ மோசரின் 1984-ஆம் வருட சாதனையான 51.151-ஐ உடைத்தார். ஆனால் வேகம் பேரிங்கிலிருந்து வரவில்லை. இரண்டு பெடலும் நெருக்கமாக இருக்க வேண்டும், முட்டி இடிக்காமல் இருக்க மேல் பைப்பே இருக்கக் கூடாது, கையை நெஞ்சுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும் என்று அவர் முதலில் உடம்பை வைத்துக் கணக்குப் போட்டார். அந்த உடம்புக்கு ஏற்றபடி பிறகு ஃப்ரேம் வந்தது.

வேகமாகப் போகும்போது நம் பலத்தில் பெரும்பகுதியைக் காற்றுதான் தின்கிறது. அந்தக் காற்றை அதிகம் மறிப்பதும் சைக்கிள் இல்லை, அதன் மேல் உட்கார்ந்திருக்கிற ஆள். இதை மறந்துவிட்டுப் பைப்பை மட்டும் கத்தி மாதிரி மெலிதாக்குகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஹேண்டில் மட்டும் நிமிர்ந்தே இருக்கும்!

உடம்பு நிலை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இங்கிலாந்து வீரர் கிறிஸ் போர்ட்மேனின் இரண்டு எண்கள் போதும். ஓப்ரியின் கை மடக்கும் நிலையை 1994-இல் தடை செய்தார்கள். ஓப்ரி விடவில்லை, கையை முன்னால் முழுதாக நீட்டி ஓட்டும் இன்னொரு நிலையைக் கண்டுபிடித்து 1995-இல் உலகப் பட்டம் வென்றார். அதே நீட்டிய நிலையில் போர்ட்மேன் 1996-இல் மான்செஸ்டரில் 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். அதற்கும் தடை வந்தது. பிறகு ஒரு மணி நேர சாதனையையே 1972-இல் பெல்ஜியம் வீரர் எடி மெர்க்ஸ் சாதாரண சைக்கிளில் ஓட்டிய 49.431 கிலோமீட்டருக்குத் திருப்பி வைத்து, அதை உடைக்க வருகிறவரும் அதே மாதிரி சைக்கிளில்தான் வர வேண்டும் என்றார்கள். 2000-இல் போர்ட்மேன் மறுபடி இறங்கினார். 49.441 கிலோமீட்டர். மெர்க்ஸைவிட வெறும் 10 மீட்டர் அதிகம். அதே ஆள், அதே ஊர். முந்தைய தன் எண்ணுக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர் குறைவு. நாலு வருட வயதும் உடல்நிலையும் அதில் கொஞ்சம் சேர்ந்திருக்கும். மற்றதெல்லாம் சைக்கிளும் அவர் உட்கார்ந்த விதமும்தான்.

சரி, விதிக்கு வருவோம். வெல்டிங்கை முடித்துவிட்டு விதியைத் தேடுவதுதான் அதிகம் பேர் செய்கிற தவறு, பணமும் அதிகம் போகிற தவறு. 1996 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் லுகானோவில் சங்கம் ஒரு சாசனம் எழுதியது. மனிதன் முக்கியம், இயந்திரம் அப்புறம் என்பதுதான் அதன் சாரம். அதிலிருந்து வந்த விதிகள் 2000 முதல் நடப்பில் இருக்கின்றன. ஃப்ரேம் இரண்டு முக்கோணமாக இருக்க வேண்டும்: மேல் பைப், கீழ் பைப், சீட் பைப், பின்சக்கரத்தைப் பிடிக்கும் இரண்டு ஜோடி மெல்லிய பைப், அதாவது ஸ்டே. சாலைப் பந்தயத்திலும் டிராக்கிலும் சைக்கிளின் எடை 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது. சக்கரத்தின் விட்டம் டயரோடு சேர்த்து 55 முதல் 70 சென்டிமீட்டர், முன்னும் பின்னும் ஒரே அளவு. மொத்த நீளம் 185 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, அகலம் 50-க்கு மேல் கூடாது. பைப்பின் ஆழம், அதாவது பக்கவாட்டில் பார்க்கும்போது தெரிகிற உயரம், உச்சம் 8 சென்டிமீட்டர். ஒரு பைப்பின் ஆழம் அகலத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போகக் கூடாது என்றும் ஒரு கணக்கு இருந்தது. அதைப் பிறகு தளர்த்திவிட்டார்கள். சீட் முனை பெடல் அச்சுக்கு, அதாவது இரண்டு கிராங்கும் சுழலும் நடு அச்சுக்கு, 5 சென்டிமீட்டர் பின்னால் இருக்க வேண்டும் என்பது நெடுங்காலம் இருந்த கணக்கு. இந்த அளவுகள் அவ்வப்போது மாறும் என்பதால், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பழைய பக்கத்தை நம்பாமல் அந்த வருட விதிப் புத்தகத்தையே பாருங்கள்.

அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சைக்கிளைச் சமதரையில் நிறுத்துங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டை வாங்கி, சீட் முனையிலிருந்து நூலைத் தொங்க விடுங்கள். குண்டு ஆடி நிற்கும்வரை பொறுங்கள். நூலுக்கும் பெடல் அச்சின் மையத்துக்கும் நடுவே ஸ்கேலைப் படுக்கையாகப் பிடித்துப் படியுங்கள். நான் கடையில் சாக்பீஸால் தரையில் முழு ஃப்ரேமையும் நிஜ அளவில் வரைந்து, அதன் மேல் பைப்பை அடுக்கிப் பார்த்த பிறகுதான் வெட்டவே விடுவேன்.

எல்லாப் பந்தயமும் ஒன்று என்று எண்ணுவது அடுத்தது. ஃபெடரேஷன் நடத்தும் மாவட்ட, மாநிலப் பந்தயம் என்றால் மேலே சொன்ன விதிதான். நீந்தி, ஓட்டி, ஓடும் டிரையத்லானில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போகக் கூடாத நீண்ட தூர வகையில் சீட் பைப் இல்லாத ஃப்ரேம்கள் பல வருடமாக ஓடுகின்றன. ஒட்டிப் போக அனுமதிக்கும் வகையில் செல்லாது. பிரெவே என்பது யாரையும் முந்தத் தேவையில்லாத, நேர எல்லைக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர ஓட்டம். கோவையிலிருந்து கிளம்பும் 200 கிலோமீட்டர் பிரெவேயில் மனித பலத்தில் ஓடுகிற எந்த வண்டியும் செல்லும். 13 மணி 30 நிமிடத்துக்குள் முடித்தால் போதும். எனவே எதில் ஓட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டுப் பைப் வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு மாதம் முன்பே பக்கவாட்டுப் படத்தோடு நடத்துகிறவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். பந்தய நாள் காலையில் கேட்டால் அவர்களும் ஒன்றும் செய்ய முடியாது.

ஸ்டிக்கரை நம்பி ஏமாறுகிறவர்களும் உண்டு. 2011 முதல் புது மாடல் ஃப்ரேம்களுக்கு யூ.சி.ஐ. ஒப்புதல் முத்திரை இருக்கிறது. மலிவான கார்பன் ஃப்ரேமில் அதே முத்திரையை அச்சடித்து ஒட்டி விற்கிறார்கள். ஒப்புதல் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

நம் பக்கத்துக்கென்றே ஒரு தவறு இருக்கிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றை மறந்துவிடுவது. உடுமலையிலும் பல்லடத்திலும் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? ஆழமான பைப்பும் மூடிய டிஸ்க் சக்கரமும் நேர்க்காற்றில் சரியாக இருக்கும். பொள்ளாச்சி ரோட்டில் பக்கக்காற்று ஒரு தள்ளு தள்ளினால் ஹேண்டில் கையில் நிற்காது. கூட்டமாக ஓடும் சாலைப் பந்தயத்தில் டிஸ்க் சக்கரத்துக்கு அனுமதியும் கிடையாது. தோப்பு முடிந்து வெளி வருகிற இடத்தில்தான் காற்று சட்டென்று அடிக்கும். அந்த மாதிரி இடத்தில் தனியாக நாலு முறை ஓட்டிப் பழகாமல் போகவே போகாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இவ்வளவையும் கேட்டுவிட்டு, புதுசாக எதையும் செய்யவே கூடாது போலிருக்கிறது என்று உட்கார்ந்துவிடுவதும் தவறுதான். இங்கிலாந்து சைக்கிள் வடிவமைப்பாளர் மைக் பரோஸ் ஒரே உடலாக வார்த்த கார்பன் ஃப்ரேமை முதலில் காட்டியபோது ஏற்கவில்லை. பின்னர் அந்தத் தடை நீங்கியது. கார் செய்யும் லோட்டஸ் நிறுவனம் சேர்ந்து செய்த அந்த சைக்கிளில்தான் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் போர்ட்மேன் தங்கம் வாங்கினார். லுகானோ விதிகள் வந்து அதே வடிவம் மறுபடி வெளியே போனது. அதே பரோஸ் ஜெயன்ட் நிறுவனத்துக்காக மேல் பைப்பைச் சாய்த்து ஒரு சாலை சைக்கிள் செய்தார். இன்று பெரும்பாலான ரோடு பைக்குகளில் அந்தச் சாய்வு இருக்கிறது. 2022-இல் இத்தாலிய வீரர் ஃபிலிப்போ கன்னா, அன்றைய விதிக்கு உட்பட்ட ஃப்ரேமிலேயே ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டினார். கையை நீட்டி ஓட்டிய போர்ட்மேனின் எண்ணையே தாண்டிவிட்டார்.

அந்தக் கணபதிப் பையன் இப்போது இரண்டாவது ஃப்ரேம் செய்கிறான். இரண்டு முக்கோணம், சீட் பைப்போடு. பின் ஸ்டேக்களை மட்டும் மெலிதாக்கித் தாழ்த்தி வைத்திருக்கிறான். விதியில் இடம் இருக்கிறது. போன வாரம் என் கடைக்கு வந்து தரையில் சாக்பீஸ் கோட்டை அழித்து அழித்து மூன்று தடவை வரைந்தான். "இந்தத் தடவை டேப் வெச்சு அளந்தாங்கன்னா எனக்குச் சந்தோசந்தானுங்ணா," என்றான். பழைய ஃப்ரேமை அவன் உடைக்கவில்லை. அதில்தான் அடுத்த பிரெவேயை ஓட்டப் போகிறான். முன் விளக்கை மாட்ட அந்தத் தடிப் பைப்பில் ஒரு கிளாம்ப் வேண்டும் என்றான். பழைய பம்ப்செட் கிளாம்ப் ஒன்றைத் தேடி எடுத்து, அளவுக்கு வளைத்துக் கொடுத்தேன்.