பல்லவி இல்லாத ஆல்பத்தைக் கேட்பது எப்படி? 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் படத்திலிருந்து தொடங்குவோம்

2001இல் வந்த 'தி ஃபெலோஷிப் ஆஃப் தி ரிங்' படத்தின் இசை ஆல்பத்தில் மொத்தம் 18 டிராக். அயர்லாந்துப் பாடகி எனியா பாடும் இடங்களையும் இன்னும் ஒன்றிரண்டையும் விட்டால், நாம் பாட்டு என்று சொல்கிற சங்கதியே கிடையாது. பல்லவி எப்போது வரும் என்று காத்திருந்தே நம் காது களைத்துவிடும். நானும் அப்படித்தான். ஆர்வக்கோளாறில், 2005இல் வெளியான மூன்று மணி நேர முழுப் பதிப்பைப் போட்டுக்கொண்டு படுத்தேன். மோரியா சுரங்கம் வருவதற்குள் தூங்கிவிட்டேன். நீங்கள் சின்ன ஆல்பத்திலேயே தொடங்குங்கள்.

இசையமைப்பாளர் ஹோவர்ட் ஷோர், கனடாக்காரர். இந்தப் படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார். இனத்துக்கு ஒரு மெட்டு, இடத்துக்கு ஒரு மெட்டு, ஏன், மோதிரத்துக்கே ஒரு மெட்டு என்று கட்டியிருக்கிறார். ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனால் போதும்.

படி 1: ஹெட்ஃபோன்

போன் ஸ்பீக்கரில் வேண்டாம். அடிக்குரல் கோரஸும் முரசும் அதில் காணாமல் போய்விடும். படத்தை ஒரு தடவையாவது பார்த்திருப்பது நல்லது.

தேடும்போது ஒரு விஷயம்: இதே கதை 2006இல் டொராண்டோவில் மேடை நாடகமானபோது, அதற்கு இசையமைத்தவர்களில் நம்ம ஏ.ஆர். ரஹ்மானும் ஒருவர். அது வேறு இசை, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படி 2: ஒரே டிராக், மூன்று தடவை

இரண்டாவது டிராக், 'கன்சர்னிங் ஹாபிட்ஸ்'. மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாம் தடவை, புல்லாங்குழல் போல ஒன்று ஒலிக்கிறதே, அதை மட்டும் கவனியுங்கள். அது டின் விசில். அயர்லாந்து நாட்டுப்புற இசையில் புழங்கும், ஆறு துளை போட்ட உலோகக் குழல். கொஞ்சம் மூச்சுக்காற்றும் சேர்ந்தே கேட்கும். அப்புறம் ஃபிடில் வந்து அதே மெட்டைத் துள்ளலாக்கும். ஹாபிட்டுகள் என்ற குட்டை மனிதர்களின் ஊரான ஷையர் இதுதான்: வயல், சாப்பாடு, அரட்டை.

மூன்றாம் தடவை கூடவே முணுமுணுங்கள். பாத்திரம் கழுவும்போது தானாக வாயில் வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். வராவிட்டால் இன்னொரு தடவை கேளுங்கள், அவசரமில்லை.

படி 3: ஐந்து எண்ணுங்கள்

நாலாவது டிராக், 'தி ட்ரீசன் ஆஃப் ஐசன்கார்ட்'. வில்லன் மந்திரவாதி சாருமானின் கோட்டையான ஐசன்கார்டுக்கான இசை வரும்போது விரலால் தட்டிப் பாருங்கள். நாலில் அடங்காது, ஐந்து வரும். மிருதங்கக்காரர் தகதகிட என்பாரே, அந்த ஐந்து. மேல்நாட்டுக் காதுக்கு இது நொண்டுவது போல, ஏதோ தப்பு நடப்பது போலக் கேட்கும். மரத்தை வெட்டி ஆயுதம் வார்க்கும் இடத்துக்கு ஷோர் அதைத்தான் எடுத்துக்கொண்டார். ஐந்தைந்தாக எண்ணும் கண்ட நடை பழகிய நமக்குப் பயம் வருவதற்குப் பதில் தலை ஆடுகிறது, என்ன செய்ய!

படி 4: ஒன்பது பேரோடு நடங்கள்

இந்த ஆல்பத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம். மோதிரத்தை அழிக்கக் கிளம்பும் ஒன்பது பேர் பயணக் குழுவுக்கென்று கம்பீரமான மெட்டு ஒன்று உண்டு. படத்தில் மோதிரத்தைச் சுமக்கும் ஹாபிட் ஃப்ரோடோவும் அவன் தோழன் சாமும் மட்டும் ஊரைவிட்டுக் கிளம்பும்போது அது சின்னதாகத் தலைகாட்டும். இருவருக்கு அவ்வளவுதான். ஒன்பது பேர் சேர்ந்து நடக்கும் 'தி ரிங் கோஸ் சவுத்' டிராக்கில் ட்ரம்பெட்டும் ஹார்னும் அதை முழங்கித் தள்ளும்.

அடுத்து 13ஆவது டிராக், 'தி பிரிட்ஜ் ஆஃப் கசாத் டூம்'. முரசும், குள்ளர் மொழியில் ஆண்கள் பாடும் கனத்த கோரஸும் நெருக்கும்; அவற்றுக்கு நடுவே குழுவின் மெட்டு ஓடித் தப்பப் பார்க்கும். குழுவின் மந்திரவாதி கேண்டால்ஃப் விழுந்ததும் எல்லா ஆர்ப்பாட்டமும் அடங்கி, ஒரு தனிக்குரல் எழும். அந்த இடத்தில் ஒலியைக் கூட்டாதீர்கள், அப்படியே விடுங்கள்.

படி 5: 17ஆவது டிராக்

'தி பிரேக்கிங் ஆஃப் தி ஃபெலோஷிப்'. குழு சிதறிவிட்டது, ஃப்ரோடோவும் சாமும் மறுபடி இருவர்தான். முடிவில் ஒரு சிறுவன் ஆங்கிலத்தில் பாடுவான். வார்த்தைகளை விட்டுவிடுங்கள். அந்த மெட்டை இதற்கு முன்னால் எங்கே கேட்டோம் என்று மட்டும் யோசியுங்கள். நான் மூன்றாவது தடவைதான் பிடித்தேன், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது.