காட்மியத்தைத் தாங்கும் நெல்: பயிரின் மரபணுவைக் கொண்டு உருவாக்கும் முறை

மரபணுவைத் தேடுவதற்கு முன், காட்மியம் என்னும் நச்சு உலோகம் செடியின் எந்தப் பகுதியில் தங்க வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். காட்மியத்தைத் தண்டுக்கும் கதிருக்கும் ஏற்றிவிட்டு இலை வாடாமல் நிற்கும் செடி, பார்வைக்குச் செழிப்பாக இருந்தாலும், உண்பவருக்கு நஞ்சைத்தான் தரும். தீட்டிய அரிசியில் ஒரு கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் காட்மியம் என்பதே பன்னாட்டு உணவுத்தர அமைப்பான கோடெக்ஸ் விதித்துள்ள உச்சவரம்பு.

ஆகவே, நெல்லின் எச்எம்ஏ3 மரபணுவிலிருந்து தொடங்குவது நல்லது. அது உருவாக்கும் கடத்துப்புரதம் காட்மியத்தை வேர்ச்செல்லின் வாக்குவோலுக்குள் (செல்லுக்குள் இருக்கும் சேமிப்புப் பைக்குள்) அடைத்து, மேலே ஏறவிடாமல் தடுக்கிறது. இண்டிகா என்னும் நெல்வகையின் சில ரகங்களில் இம்மரபணு பழுதுபட்டிருப்பதால்தான் அவற்றின் தானியத்தில் காட்மியம் மிகுகிறது. உங்கள் ரகத்தில் அதன் டிஎன்ஏ வரிசையை முதலில் படித்துப் பாருங்கள். பழுது இருந்தால், செயல்படும் வடிவமுள்ள ரகத்துடன் கலப்பு செய்து, மூலக்கூறு குறியீட்டின் (அந்த வடிவத்தை இனங்காட்டும் டிஎன்ஏ அடையாளத்தின்) துணையுடன் தேர்ந்தெடுத்தாலே பெரும்பாலும் போதும். இந்த எளிய வழியைப் பலர் எண்ணிப் பார்ப்பதேயில்லை என்பது எனக்கு வருத்தமே. வேருக்குள் உலோகத்தை இழுக்கும் என்ராம்ப்5 மரபணுவை முடக்கினாலும் காட்மியம் வெகுவாகக் குறையும். ஆனால் மாங்கனீசு உள்ளே வருவதும் அதே வழியில்தான் என்பதால், மாங்கனீசு குறைந்த மண்ணில் பயிர் தளர்ந்துவிடும்.

மரபணு மாற்றம்தான் தேவை என்றால், உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதியைப் பெற்ற பிறகு, எச்எம்ஏ3-இன் குறியீட்டுப் பகுதியைத் தக்க முன்னியக்கியுடன் (மரபணுவை இயக்கிவைக்கும் டிஎன்ஏ பகுதியுடன்) பிளாஸ்மிட் என்னும் வட்ட டிஎன்ஏவில் இணைத்து, வரிசையைச் சரிபார்த்து, முதிர்ந்த விதையிலிருந்து வளர்த்த கேலஸுக்குள் (உருப்பெறாத செல்திரளுக்குள்) அக்ரோபாக்டீரியம் என்னும் பாக்டீரியா வழியாகச் செலுத்த வேண்டும். ஒரே இடத்தில் நுழைந்த மரபணு அடுத்த தலைமுறையில் 3:1 (மரபணு உள்ளவை மூன்று, இல்லாதவை ஒன்று) என்று பிரியும். அதற்கடுத்த தலைமுறையில் ஒத்த பண்பிணைவுச் செடிவரிசைகளை (புகுத்திய மரபணு இரு பிரதிகளாக இருந்து, பிரியாமல் தொடரும் சந்ததிகளை) பிரித்தெடுக்கலாம். அந்தப் பிரிவில் மரபணுவை இழந்த உடன்பிறப்புச் செடிகளை எறிந்துவிடாதீர்கள். அவற்றைவிடப் பொருத்தமான ஒப்பீட்டுச் செடிகள் கிடைப்பது அரிது.

சோதனையில்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன. செடிகளை வளர்த்துச் சோதிக்கும் ஊட்டக்கரைசலில் இரும்பை இடிடிஏ (உலோகங்களைப் பற்றிக்கொள்ளும் வேதிப்பொருள்) வடிவில் சேர்த்தால், அந்த இடிடிஏ காட்மியத்தையும் பற்றிக்கொள்வதால், நீங்கள் கணக்கிட்ட அளவு வேருக்குக் கிடைக்காது. ஈயத்தைச் சோதிப்பவர்களுக்கோ பாஸ்பேட் அதை வீழ்படிவாக்கிவிடும் சிக்கல் உண்டு. அறுவடை செய்த வேரைப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் முன் 20 மில்லிமோலார் இடிடிஏ கரைசலில் 15 நிமிடம் அலசி, பிறகு தூய நீரில் கழுவுங்கள். இல்லாவிட்டால் வேரின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் உலோகமும் உள்ளே புகுந்ததாகவே கணக்கில் சேரும். வேர், தண்டு, தானியம் மூன்றையும் தனித்தனியே அளக்க வேண்டும்: வேரில் காட்மியம் குறையாமலோ கூடியோ இருக்க, மற்ற இரண்டிலும் அது குறைந்திருந்தால்தான் மரபணு தன் வேலையைச் செய்கிறது. துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு ஆகியவற்றையும் உடன் அளந்துகொள்ளுங்கள்.

கரைசலில் தேறிய செடிவரிசைகளை அடுத்து மாசுபட்ட மண் நிரப்பிய தொட்டிகளில் வளர்க்க வேண்டும். நீர் தேங்கி நின்றால் காட்மியம் மண்ணிலேயே கட்டுப்பட்டுவிடும், ஆர்செனிக்கோ கரைந்து பயிருக்குள் ஏறும். எனவே பூத்த பிறகு நீரை வடித்துவிட்ட தொட்டிகளையும் தனியே வைத்துச் சோதித்தால்தான் தானியத்தின் உண்மை நிலை தெரியும். காட்மியம் புற்றுநோயை உண்டாக்குவது என்பதால், கையுறையுடன் கையாண்டு, மிஞ்சிய கரைசலைக் கழுவுதொட்டியில் ஊற்றாமல் நச்சுக்கழிவாகச் சேர்த்துவையுங்கள்.