நான்கு ஆண்டுப் படிப்பு ஐந்தாக நீண்டபோது

வேளாண், உயிரியல் பொறியியல் பட்டத்துக்கான பாடங்களை, இலங்கை மலையகத்து ஹட்டனில் வீட்டிலிருந்தே அடுக்கிப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் 4 ஆண்டுப் படிப்பு ஐந்தாம் ஆண்டுக்குள் நீண்டது.

விருப்பப் பாடங்களை இடம் மாற்றினேன், பலனில்லை. மூத்த மாணவி அக்கா தந்த அட்டவணை பழைய பாடத்திட்டத்துக்கு உரியது.

அப்புறம் கடைசியிலிருந்து பின்னோக்கி எழுதினேன். இறுதியாண்டு வடிவமைப்புத் திட்டத்துக்கு முன் நீர்ப்பாசனப் பாடத்தை முடித்திருக்க வேண்டும், அதற்கு முன் நீரியல், அதற்கு முன் திரவ இயக்கவியல், அதற்கு முன் வகையீட்டுச் சமன்பாடுகள் என்ற கணிதப் பாடம். படிப்பின் நீளத்தைத் தீர்மானிப்பது இந்தச் சங்கிலிதான். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். பண்ணை இயந்திரம், உணவு பதப்படுத்தல் எல்லாம் எங்கே இருந்தாலும் பரவாயில்லை.

விடை கைநூலில், அட்டவணைக்குக் கீழே மிகச் சிறிய எழுத்தில் இருந்தது: வகையீட்டுச் சமன்பாடுகளை முன்பே முடித்திருக்கத் தேவையில்லை, திரவ இயக்கவியலோடு அதே அரையாண்டில் படிக்கலாம். இணையப் பதிவு இதை ஏற்காது, சிவப்பில் மறுத்துவிடும். ஆலோசகரின் கையொப்பத்தோடு படிவம் கொடுத்தால் அலுவலகத்தில் பதிவார்கள். ஆலோசகர் சேர் அந்த வரியைப் படித்துவிட்டு உடனே ஒப்பமிட்டார்.

நீரியல் மூன்றாம் ஆண்டுக்கு வந்துவிட்டது. தேயிலைச் சரிவுகளின் மண்ணரிப்பை எடுத்து இறுதித் திட்டம் செய்ய இனி நேரம் இருக்கிறது. பெரிய நிம்மதி.