அலுவலகக் கழிவை நன்கொடையாக்குவது எப்படி

அலுவலகக் கழிவை விற்று, வரும் பணத்தைத் தொண்டுக்குக் கொடுக்க நினைத்தால், தொட்டி வாங்குவதற்கு முன்னால் அந்தக் கழிவை வாங்குகிற ஆளைப் பாருங்கள். மறுசுழற்சி என்றதும் பெரும்பாலான அலுவலகங்களில் முதல் வேலையாக மூன்று வண்ணத் தொட்டிகள் வந்து பேன்ட்ரி வாசலில் நின்றுவிடும். அவை நிரம்பி வழியும்போதுதான் இதை யார் எடுத்துப்போவார் என்ற கேள்வி எழும். நான் கணக்குப் பிரிவில் இருப்பவள், அதனால் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது வேறு. பழைய பேப்பர் வாங்குகிறவர் எந்த ரகத்தை எடுப்பார்? குறைந்தது எத்தனை கிலோ சேர்ந்தால் நேரில் வருவார்? எடை போடுவது யார் தராசில்? பணத்தை எப்படித் தருவார்? இந்த நான்குக்கும் பதில் வந்த பிறகு தொட்டி வாங்கினால் போதும். பழைய அட்டைப்பெட்டியே தொட்டியாகலாம், காசு மிச்சம்.

அதோடு இன்னொருவரிடமும் பேச வேண்டும். உங்கள் அலுவலகத்தில் மறுசுழற்சி ஏற்கெனவே சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கலாம். துப்புரவு வேலை செய்பவர்கள் அட்டையையும் பாட்டிலையும் தனியே எடுத்துவைத்து விற்பார்கள், அது அவர்களுடைய கைச்செலவுக்கு ஆகும். மாதச் சம்பளக்காரர்கள் நாம் ஒரு நல்ல காரியத்தின் பெயரைச் சொல்லி அதைப் பிடுங்கிக்கொண்டால், அந்த நன்கொடையைக் கொடுப்பது உண்மையில் யார்? நான் எங்கள் ஹவுஸ்கீப்பிங் அக்காவிடம் நேராகவே கேட்டேன். “அட்டையும் பாட்டிலும் எங்களுக்கு இருக்கட்டும்மா, பேப்பரை நீங்க வச்சுக்கோங்க” என்றார். அப்படியே பிரித்துக்கொண்டோம். பேப்பர் பெட்டியில் வேறு ஏதாவது விழுந்திருந்தால் முதலில் கண்டுபிடித்துத் திட்டுவதும் இன்று அவர்தான்.

இனி எதைச் சேர்ப்பது என்பது. எல்லாவற்றையும் சேர்க்க ஆசைப்படாதீர்கள், எடைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 ஜிஎஸ்எம் (அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று 5 கிராம், 500 தாள் கொண்ட ஒரு கட்டு இரண்டரை கிலோ. நாற்பது பேர் தினமும் ஆளுக்குப் பத்துத் தாள் கழித்தால் அதுவே நாளைக்கு 2 கிலோ. காலி அலுமினிய கேனோ 15 கிராமுக்குள்தான், ஒரு கிலோ சேர எழுபது கேனுக்குக் குறையாமல் வேண்டும். ஆனால் கிலோவுக்குக் கிடைக்கும் விலையில் அலுமினியம் காகிதத்தை எங்கேயோ விட்டுவிடும், ஏனென்றால் பழைய அலுமினியத்தை உருக்கிச் செய்தால் தாதுவிலிருந்து எடுப்பதைவிட 95 சதவீத அளவுக்கு மின்சாரமும் எரிபொருளும் மிச்சம். ஆகவே அச்சடிக்கிற அலுவலகம் காகிதத்தில் தொடங்கலாம், குளிர்பானம் குடிக்கிற அலுவலகம் கேனில் தொடங்கலாம். கேன் அலுமினியமா இரும்பா என்று சந்தேகம் வந்தால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு.

கேனைத் திறக்கும் அந்தச் சின்ன வளையத்தை மட்டும் பிய்த்துச் சேர்க்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அந்த வளையம் அரை கிராம்கூடத் தேறாது, உடம்பும் அதே அலுமினியம்தான். தொண்டு நிறுவனமே வளையம்தான் வேண்டும் என்று கேட்டிருந்தால் ஒழிய, முழு கேனையும் கழுவி, நசுக்கிப் போடுங்கள். கழுவாவிட்டால் எறும்பு வரும், அதோடு உங்கள் திட்டத்துக்கு எதிரிகளும் வருவார்கள்.

காகிதப் பெட்டியின் மேல் எது போடலாம் என்று எழுதுவதைவிட எது கூடாது என்று எழுதினால் பலன் அதிகம். டிஷ்யூ கூடாது. பேப்பர் கப் கூடாது, உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. லேமினேட் செய்தது, ஸ்டிக்கரின் பின்தாள், கார்பன் தாள் எதுவும் கூடாது. பில் மெஷினில் வரும் வழுவழுப்பான ரசீதும் கூடாது: நகத்தால் கீறினால் கருப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தாள், ரசாயனம் பூசியது. ஸ்டேப்ளர் பின்னைப் பற்றி ரொம்பவும் கவலைப்பட வேண்டாம், ஆலையில் காகிதம் கூழாகும்போது அது தனியே பிரிந்துவிடும். ஸ்பைரல் கம்பியையும் பெரிய கிளிப்பையும் மட்டும் கழற்றிவிடுங்கள்.

ரகசியக் காகிதங்களை நறுக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் நறுக்கிய காகிதத்தில் இழை குட்டையாகிவிடுவதால் விலை குறையும், சிலர் வாங்கவே மாட்டார்கள். அதனால் சம்பளப் பட்டியல் மாதிரி உண்மையில் ரகசியமானதை மட்டும் மெஷினில் கொடுங்கள். மதியச் சாப்பாட்டு அறிவிப்பைக்கூட நறுக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள், என்ன பயமோ.

பிரிண்டர் கேட்ரிட்ஜ் நல்ல சரக்கு. ஒருமுறைகூட மறுநிரப்பு செய்யாத அசல் கேட்ரிட்ஜுக்குத்தான் மதிப்பு அதிகம். புதியது வந்த பெட்டியிலேயே காலியானதை வைத்து மூடினால் டோனர் என்கிற மைப்பொடி சிந்தாது. பழைய போன், லேப்டாப் விஷயத்தில் அவசரம் வேண்டாம். அவை கம்பெனியின் சொத்துப் பதிவேட்டில் இருப்பவை, அங்கே எழுத்துமூலம் கழித்த பிறகுதான் கை வைக்கலாம். கோப்புகளை டெலீட் செய்தால் தகவல் அழிந்துவிடாது, முறையாக அழித்துவிட்டோம் என்று ஐடி பிரிவு கையெழுத்துப் போட்டுத் தரட்டும். பிறகு மின்கழிவு எடுக்க அனுமதி பெற்றவரிடம் மட்டும் கொடுங்கள். லித்தியம் பேட்டரிகளின் முனைகளில் டேப் ஒட்டித் தனியே வையுங்கள். உப்பிய பேட்டரியைக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும்.

இனி எனக்குப் பிடித்த பகுதி, பணம். கழிவு விற்ற காசு உங்கள் காசு அல்ல, அது கம்பெனியின் வருமானம். எனவே தொடங்கும்போதே நிர்வாகத்திடம் ஒரு பக்கக் கடிதத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்: எவை விற்கப்படும், பணம் எந்தக் கணக்குக்குப் போகும், எந்தத் தொண்டுக்கு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை. வரி விஷயம் இடத்துக்கு இடம் மாறும், உங்கள் தணிக்கையாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். ரொக்கமாக வாங்கி யாருடைய மேசை டிராயரிலும் வைக்காதீர்கள். எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் டிராயரில் இருக்கிற பணம் சந்தேகத்தை வளர்க்கும். எடைச் சீட்டில் இரண்டு பேர் கையெழுத்து, பணம் நேரே வங்கிக் கணக்குக்கு, தொண்டு நிறுவனத்தின் ரசீது பிரிண்டருக்கு மேலே சுவரில். அங்கேதான் எல்லோரும் நின்று காத்திருப்பார்கள், படிப்பார்கள்.

பெரிய தொகை வராது, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதனால்தான் பொதுவான நிதிக்குப் போடுவதைவிட, அந்தச் சின்னத் தொகையால் முழுசாகச் செய்யக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். ஒரு மாணவருக்கு மூக்குக் கண்ணாடி, ஒரு விடுதிக்கு நோட்டுப் புத்தகங்கள், அந்த மாதிரி.

கொஞ்ச நாளில் ஒரு விசித்திரம் நடக்கும். பெட்டியைப் பார்த்துப் பார்த்து ஆட்கள் அச்சடிப்பதைக் குறைப்பார்கள், எடையும் இறங்கும். எங்கள் அலுவலகத்தில் இருபக்க அச்சு வந்த பிறகு வசூல் குறைகிறதே என்று ஒருவர் வருத்தப்பட்டார். வருத்தப்பட ஒன்றுமில்லை. புதுத்தாளின் விலை பழைய தாளுக்குக் கிடைப்பதைப் போலப் பல மடங்கு. வாங்காமல் விட்ட கட்டுகளின் கணக்கை முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு, மிச்சமானதில் ஒரு பங்கை அதே தொண்டுக்குத் தரும்படி நிர்வாகத்துக்கு எழுதுங்கள். நான் எழுதினேன். ஒரு காலாண்டு இழுத்தடித்தார்கள், அப்புறம் கொடுத்தார்கள்.