‘பாட்ஷா’ பின்பாதி சுமார்தான்: இதைத் தர்மபுரியில் சொல்லிவிட்டு வீடு போய்ச் சேரும் வழி

ஊரே கொண்டாடும் படம் நமக்குப் பிடிக்காமல் போவது பெரிய விஷயமில்லை. அதை நான்கு ரோட்டு டீக்கடையில் வாய்விட்டுச் சொல்லி, எதிரே நிற்பவரை இரண்டு நிமிடம் காது கொடுக்க வைப்பதுதான் வேலை. ‘மொக்கை’, ‘ஓவர் பில்டப்’, ‘சுமார்’ என்று ஆரம்பித்தால் யாராலும் பதில் சொல்ல முடியாது, திட்டத்தான் முடியும். படத்தில் ஓர் இடத்தைக் கைகாட்டினால் எதிராளியும் அந்த இடத்தைப் பார்த்தாக வேண்டும். கீழே உள்ளது முழுக்க அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது பற்றியும், கண்டுபிடித்ததை இந்த வட்டாரத்தில் எப்படி எடுத்து வைப்பது என்பது பற்றியும்தான்.

முதலில் படத்தை மறுபடி பாருங்கள்

டிவியில் விளம்பர இடைவெளிகளுக்கு நடுவே துண்டு துண்டாகப் பார்த்த ஞாபகத்தை நம்பி வாயைத் திறக்க வேண்டாம். இரண்டு முறை பாருங்கள். முதல் முறை நிறுத்தாமல், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. இரண்டாம் முறை நோட்டோடு. ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரித்து, எந்தக் காட்சி, அதில் என்ன நடக்கிறது, அப்போது உங்களுக்கு என்ன ஆனது என்று எழுதிக்கொண்டே போங்கள். மூன்றாவது பகுதியில் ‘நடிப்பு அருமை’ மாதிரி எழுதினால் பயனில்லை. ‘சிரிப்பு வந்தது’, ‘மணி பார்த்தேன்’, ‘அடுத்து என்னவென்று தெரிந்துவிட்டது’ என்று எழுதுங்கள். மணி பார்த்த இடங்கள் படம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் அன்று உங்களுக்குத் தூக்கம் என்று அர்த்தம். ஒரே பகுதியில் குவிந்திருந்தால் விஷயம் இருக்கிறது.

எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 2002-ல் வந்த ‘பாபா’ 2022 டிசம்பரில் மறுபடி தியேட்டருக்கு வந்தபோது நீளம் குறைத்து, முடிவையும் மாற்றித்தான் வந்தது. 2001-ன் ‘ஆளவந்தான்’ 2023-ல் வெட்டிச் சுருக்கி வெளியானது. டிவிக்காரர்கள் வெட்டுவது தனிக் கணக்கு. அதனால் ‘1 மணி 42-வது நிமிடத்தில்’ என்று பேசாதீர்கள். அந்த நேரத்தில் அடுத்தவர் பிரதியில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். காட்சியைச் சொல்லுங்கள்.

எரிச்சலை ஒரு வாக்கியமாக்குங்கள்

‘இந்த இடத்துக்குப் பிறகு, இன்னது நடப்பதால், இன்னது போய்விடுகிறது.’ இந்த அச்சில் உங்கள் கருத்தை ஊற்றிப் பாருங்கள். ஊற்ற முடியவில்லை என்றால் கருத்து இன்னும் வேகவில்லை.

1995-ல் சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய ‘பாட்ஷா’வை எடுத்துக்கொள்வோம். ஆட்டோக்கார மாணிக்கம் எதையோ அடக்கி வைத்திருக்கிறார் என்பதுதான் முன்பாதியின் ஈர்ப்பு. கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கும்போது வாங்கிக்கொள்கிறார். தங்கைக்கு மருத்துவக் கல்லூரி சீட் கேட்கப் போன அறையில் அவர் சொன்னது முழுதாக நம் காதில் விழுவதில்லை, எதிரே இருப்பவரின் முகம் மாறுவது மட்டும் தெரிகிறது. அவர் மும்பையில் தாதா பாட்ஷாவாக இருந்த கதை பிளாஷ்பேக்கில் முழுதும் சொல்லப்பட்ட பின் மறைக்க ஒன்றும் பாக்கியில்லை. ரகுவரன் நடித்த வில்லன் மார்க் ஆண்டனியை மடக்குவது மட்டுமே மிச்சம். ஆக வாக்கியம் இப்படி வரும்: ‘பிளாஷ்பேக் முடிந்த பிறகு, மாணிக்கத்திடம் ரகசியம் இல்லாததால், முன்பாதியில் இருந்த அழுத்தம் போய்விடுகிறது.’ இதை மறுக்க நினைப்பவர் படத்துக்குள் வந்துதான் மறுக்க வேண்டும்.

வருவார். ‘ரகுவரனை மறந்துட்டியா?’ என்பார். இந்தக் கேள்வியை அவருக்கு முன்பே நீங்கள் எழுதி வைத்திருக்க வேண்டும். கருத்துக்கு எதிராகக் குறைந்தது இரண்டு காட்சிகளையாவது தேடி எடுக்காமல் கிளம்பாதீர்கள். ரகுவரன் விஷயத்தில் நேர்மையான பதில், அவர் இருப்பதால்தான் பின்பாதி அந்த அளவுக்காவது நிற்கிறது என்பது. பாதியை ஒப்புக்கொள்பவரின் மீதிப் பாதியைத்தான் ஊர் கேட்கும்.

இன்னொரு பயிற்சி, 1987-ன் ‘நாயகன்’. வேலு நாயக்கர் கையால் அடிபடுகிறவர்களையும் சாகிறவர்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். சிறுவயதில் அப்பாவைக் கொன்ற போலீஸ்காரரில் தொடங்கி, வளர்த்தவரைக் கொன்ற இன்ஸ்பெக்டர் கேல்கர் என்று நீளும் அந்தப் பட்டியலில், நம் கண்ணெதிரே தண்டனை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நாயக்கரைவிட மோசமானவர்களாகவே இருக்கிறார்கள். கடைசியில் பேரன் ‘நீங்க நல்லவரா, கெட்டவரா?’ என்று கேட்கும்போது படம் ஏற்கெனவே தராசை ஒரு பக்கம் அழுத்திவிட்டது என்று வாதிடலாம். பி.சி.ஸ்ரீராமின் ஒளிப்பதிவைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லத் தேவையில்லை, அது வேறு பேச்சு. எதிர்த்தரப்பு, நாயக்கரின் மகள் சாருமதி விலகிப் போவதையும், கேல்கரின் மகன் துப்பாக்கி எடுப்பதையும் முன்னால் வைக்கும். இரண்டும் கனமான காட்சிகள். அவற்றைத் தாண்டியும் உங்கள் பட்டியல் நிற்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

யார் வேலை என்று பிரியுங்கள்

ஒரு படத்தின் குறை முழுவதையும் ஹீரோ தலையிலோ இயக்குநர் தலையிலோ கட்டுவது இங்கே அதிகம் நடக்கும் தவறு. ‘அன்பே சிவம்’ (2003) கமல் பிரசங்கம் என்பார்கள். கதை கமலுடையது, வசனம் மதன், இயக்கம் சுந்தர் சி. பேச்சு நீளம் என்பது உங்கள் புகார் என்றால் அது எழுத்தைப் பற்றிய புகார். அந்தப் பேச்சை நம்மால் தாங்க முடிவதற்கு மாதவனின் எரிச்சல்தான் காரணம், படத்தின் நிஜமான பயணம் நல்லசிவத்துடையது என்பதைவிட அன்பரசுவுடையது என்று சொல்லிப் பாருங்கள். கமல் ரசிகர் கோபப்பட வந்து யோசிக்க ஆரம்பிப்பார்.

நாயகியின் நடிப்பைக் குறை சொல்லும் முன் குரல் யாருடையது என்று பாருங்கள். சிம்ரன், ஜோதிகா படங்கள் பலவற்றில் நாம் கேட்பது சவிதாவின் குரல். முகத்துக்கும் குரலுக்கும் சேர்த்து ஒரே ஆளுக்கு மார்க் போட்டால் கணக்கு தப்பும்.

வசூலை இரு தரப்பும் தொடக்கூடாது. 1991 தீபாவளிக்கு ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே நாளில் வந்தன. ‘தளபதி’ ஓடியது, ‘குணா’ தடுமாறியது. இன்று ‘குணா’வுக்கு இருக்கிற மரியாதையைப் பார்த்தால் அன்றைய கல்லாவை வைத்து எதை நிரூபிப்பது? ஓடாததாலேயே ஒரு படம் உயர்ந்தது என்ற வாதமும் இதே ஜாதிதான்.

இந்த மண்ணில் கவனிக்க வேண்டியவை

ரஜினியின் பூர்வீகம் என்று சொல்லப்படும் நாச்சிக்குப்பம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், வேப்பனப்பள்ளிப் பக்கம் இருக்கிறது. அந்தத் திசையில் ‘பாட்ஷா’வை எடுத்தால் சினிமா ரசனை மட்டும் பேசாது, சொந்த ஊர்ப் பாசமும் சேர்ந்து பேசும். அங்கே கருத்தாக ஆரம்பிக்காமல் கேள்வியாக ஆரம்பியுங்கள்.

‘அண்ணா, மும்பைக் கதை முடிஞ்சதுக்கப்புறம் உங்களுக்கு எந்த சீன் ஞாபகம் இருக்கு?’

‘ஏம்பா, தலைவர் படத்துல குத்தம் கண்டுபிடிக்கிறியா?’

‘இல்லண்ணா. கம்பத்துல கட்டி அடிக்கும்போது வந்த கோவம் எனக்குக் கிளைமாக்ஸ்ல வரல. உங்களுக்கு வந்துச்சா?’

அண்ணன் யோசிக்கிற அந்த நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு. அதற்குள் அடுத்த டீயைச் சொல்லிவிடுங்கள்.

ஓசூர் பக்கம் ஆபத்து வேறு மாதிரி. அங்கே கன்னடமும் தெலுங்கும் பார்த்து வளர்ந்தவர் ஒருவராவது கூட்டத்தில் இருப்பார். ‘சந்திரமுகி’ (2005) பற்றிப் பேசப் போனால், அதே பி.வாசு அதற்கு முந்தைய ஆண்டு விஷ்ணுவர்தனை வைத்துக் கன்னடத்தில் எடுத்த ‘ஆப்தமித்ரா’வை அவர் இழுப்பார். இரண்டுக்கும் மூலமான 1993-ன் மலையாள ‘மணிச்சித்திரத்தாழ்’ வரைக்கும் பார்த்துவிட்டுப் போவது நல்லது. பார்த்தால் கருத்தும் கூர்மையாகும். மலையாளத்தில் மனநல மருத்துவராக வரும் மோகன்லால் நுழைவதற்குள் படத்தில் பாதி ஓடிவிடும், அதுவரை வீடும் பயமும்தான் கதை. தமிழில் ரஜினி தொடக்கத்திலேயே சண்டையும் பாட்டுமாக வந்துவிடுகிறார். காப்பாற்ற ஆள் முதலிலிருந்தே வீட்டில் இருப்பதால் பயம் இளகுகிறது. ரீமேக்கைக் குறை சொல்வதென்றால் இப்படி ஒரே ஒரு மாற்றத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘ஒரிஜினல் மாதிரி வராது’ என்பது சோம்பேறிப் பேச்சு.

சாதியும் கட்சியும். இயக்குநர் எந்த ஆள், நடிகர் எந்தக் கட்சி என்று பேச்சு திரும்பினால் அன்றைக்கு அதோடு முடிந்தது. படத்துக்குள் சாதி இருந்தால் காட்சியை வைத்துத் தாராளமாகப் பேசலாம். எடுத்தவரின் சாதியை வைத்துப் படத்தை அளப்பதை முதல் வார்த்தையிலேயே தடுக்க வேண்டும். விஜயகாந்த், கமல், விஜய் மூவரும் கட்சி தொடங்கியவர்கள் என்பதால் அவர்கள் படங்களை எடுக்கும்போது ‘படம் மட்டும்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தேர்தல் மாதங்களில் எடுக்கவே வேண்டாம்.

பத்துப் பேரைச் சேர்த்து உட்காருவதென்றால்

எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். பதினைந்தைத் தாண்டினால் ரசிகர் மன்றக் கூட்டமாகிவிடும். ஒரு நாளைக்கு ஒரே படம், ஒரே வாக்கியம். படத்தைப் பத்து நாள் முன்பே அறிவியுங்கள், எல்லாரும் வீட்டில் பார்த்துவிட்டு வரட்டும். முழுப் படத்தைப் பொதுவில் திரையிட உரிமை வேண்டும், அந்த வம்புக்குப் போகாதீர்கள்.

கருத்துச் சொல்பவருக்கு ஏழு நிமிடம். அதன் பிறகு எதிர்ப்பவர் முதலில் அந்த வாக்கியத்தைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பு. பாதிச் சண்டை இந்த ஒரு விதியில் அடங்கிவிடும், ஏனென்றால் பலர் மறுப்பது யாருமே சொல்லாத ஒன்றை. மறுப்புக்கும் ஏழு நிமிடம், பிறகு பொதுப்பேச்சு நாற்பது நிமிடம். நேரம் பார்க்க, அந்த நடிகரின் தீவிர ரசிகரையே உட்கார வையுங்கள். கையில் கடிகாரம் இருப்பவர் கத்த மாட்டார்.

தர்மபுரியில் என்றால் ஞாயிறு மாலை ஐந்துக்கு ஆரம்பித்து ஏழுக்குள் முடியுங்கள். பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கத்து ஆட்கள் அந்த ஊர்களுக்குப் போய், அங்கிருந்து கிராமத்து டவுன் பஸ்ஸையும் பிடிக்க வேண்டும். பஸ்ஸை நினைத்துக்கொண்டு இருப்பவர் சரியாக வாதாட மாட்டார். ஓசூரில் ஷிப்டு ஆட்கள் அதிகம் என்பதால் ஞாயிறு காலை பதினொன்று சரிவரும். கிருஷ்ணகிரியில் மாங்காய்க் காலத்தில் தோட்டம், மண்டி என்று ஓடுகிறவர்களை எதிர்பார்க்க முடியாது. ஊரில் பாரதக் கூத்து நடக்கிற நாட்களையும் விட்டுவிடுங்கள்.

ஆனால் விடிய விடியக் கூத்துப் பார்க்கிற பெரியவர் இரண்டு பேரையாவது எப்படியும் அழைத்து வாருங்கள். துரியோதனன் படுகளத்தில் சாவான் என்பது தெரிந்தும், இந்த வருஷம் அந்த வேஷம் கட்டியவர் எப்படி ஆடினார், எந்த இடத்தில் பாட்டு இழுத்தது என்று பார்த்துப் பழகியவர்கள். கதையையும் ஆட்டத்தையும் தனித்தனியாக எடை போட அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேசச் சொல்லி நச்சரிக்காதீர்கள், கடைசி பத்து நிமிடம் அவர்களுக்கென்று ஒதுக்குங்கள்.

முடிந்ததும் கை தூக்கி ஓட்டெடுக்க வேண்டாம். ஓட்டு என்றதும் எல்லாரும் பழைய இடத்துக்கே போய் நின்றுகொள்வார்கள். அன்றைய வாக்கியத்தையும், அதற்கு வந்த வலுவான எதிர்க்காட்சி ஒன்றையும் ஒரு தாளில் எழுதிப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். அதற்குக் கீழே வாய்ஸ் மெசேஜ் போடத் தடை. எழுத்தில் மறுக்கலாம், அதுவும் ஒரு காட்சியைச் சொல்லி. அடுத்த படத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அன்றைக்கு அதிகம் கோபப்பட்டவருக்குக் கொடுத்துவிடுங்கள்.